சத்திரத்தில் இடம்

கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம்!

கிறிஸ்து மதத்தைப் பிடிக்காத எவனோ ஒரு கொடுங்கோலன் போட்ட உத்தரவு என்று நினைத்துவிட வேண்டாம். 1659-ஆம் வருஷம் அமெரிக்காவில், மாஸாச்சுஸெட்ஸ் குடியேற்றத்தில், காலையில் எழுந்ததும் பைபிள், இரவு படுக்கப் போகுமுன் பைபிள் என்று வாழ்ந்த பரம பக்தர்கள் சபை கூடி இயற்றிய சட்டம் இது. டிசம்பர் 25-ஆம் தேதி வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தால் குற்றம். விருந்து வைத்தால் குற்றம். வேறு எந்த விதமாக அந்த நாளைப் பெருமைப்படுத்தினாலும் குற்றம். இருபத்திரண்டு வருஷம் அமலில் இருந்துவிட்டு, 1681-ல்தான் அந்தச் சட்டம் ரத்தாயிற்று.

பியூரிட்டன்கள் என்ற இந்தப் பக்தர்களின் மனம் எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு வேடிக்கையான சம்பவம் இருக்கிறது. 1621-ஆம் வருஷத்து டிசம்பர். 'மேபிளவர்' கப்பலில் வந்தவர்கள் பிளிமத்தில் குடிசை போட்டு ஒரு வருஷந்தான் ஆகியிருந்தது. கவர்னர் வில்லியம் பிராட்போர்டு வழக்கம்போல் எல்லோரையும் வேலைக்குக் கூப்பிட்டார். புதிதாக இன்னொரு கப்பலில் வந்திறங்கியிருந்த சிலர், "இன்றைக்குக் கிறிஸ்துமஸ், வேலை செய்ய மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை" என்றார்கள். மனச்சாட்சியின் பேரைச் சொல்லித்தானே பிராட்போர்டும் தாய்நாட்டை விட்டு வந்தவர்? "சரி, உங்களுக்குத் தெளிவு வருகிற வரையில் இருங்கள்" என்று சொல்லிவிட்டு மற்றவர்களை அழைத்துக்கொண்டு போனார். மத்தியானம் திரும்பி வந்து பார்த்தால், மனச்சாட்சிக்காரர்கள் தெருவில் பந்தாடிக் கொண்டிருக்கிறார்கள்! கவர்னர் பந்தைப் பிடுங்கிக்கொண்டு, "மற்றவர்கள் பாடுபடும்போது நீங்கள் விளையாடுவதற்கு என் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை" என்றாராம். பக்தியானால் வீட்டுக்குள் இருந்து செய்யலாம், தெருவில் ஆட்டபாட்டம் கூடாது என்பது அவருடைய தீர்ப்பு. இதைப் பிற்பாடு தம் சரித்திரக் குறிப்பில் எழுதிவைத்தவரும் அவரேதான். எழுதும்போது உதட்டோரத்தில் ஒரு புன்னகை இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

அவர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. ஏசுநாதர் பிறந்த தேதி பைபிளில் எங்கும் சொல்லப்படவில்லை. இங்கிலாந்தில் அந்தக் காலத்துக் கிறிஸ்துமஸ் என்பது பன்னிரண்டு நாள் குடியும் சூதும் கூச்சலும். அதைக் கண்டு அருவருத்தவர்கள் பண்டிகையையே வேரோடு பிடுங்கிப் போட்டார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை.

அப்படியானால் அமெரிக்காவின் வடகிழக்கில் கிறிஸ்துமஸ் எப்படிப் பிழைத்தது? பிழைக்க வைத்தவர்களில் முக்கியமானவர்கள் எபிஸ்கோபல் சபையார். பிஷப்பைத் தலைவராகக் கொண்ட சபை என்பதுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம். இங்கிலீஷ் திருச்சபையின் அமெரிக்கக் கிளை என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு அவர்கள் முற்றிலும் அந்நியர்களும் அல்ல. பிற்காலத்தில் தஞ்சாவூரிலும் திருநெல்வேலிச் சீமையிலும் கோயில் கட்டிப் பள்ளிக்கூடம் வைத்த எஸ்.பி.ஜி. சங்கம் 1701-ல் லண்டனில் ஆரம்பித்தபோது, முதலில் பாதிரிமார்களை அனுப்பியது இந்த அமெரிக்கக் குடியேற்றங்களுக்குத்தான்.

1686 டிசம்பரில் பாஸ்டனுக்கு வந்து சேர்ந்த ராஜப் பிரதிநிதி ஆண்ட்ராஸ், நகர மண்டபத்தில் கிறிஸ்துமஸ் ஆராதனை நடத்தச் செய்தார். பக்கத்தில் துப்பாக்கிச் சிப்பாய்கள் காவல்! கடைத்தெருவில் வழக்கம்போல் வியாபாரம் நடந்தது. இங்கிலீஷ்காரனின் பண்டிகை என்ற இந்தக் கறை எளிதில் போகவில்லை. சுதந்தர யுத்தம் முடிந்தபோது எபிஸ்கோபல் சபையாரின் நிலைமை பரிதாபகரமாயிருந்தது. இங்கிலாந்து ராஜாவுக்கு விசுவாசப் பிரமாணம் செய்யாமல் இங்கிலாந்தில் பிஷப் பட்டம் பெற முடியாது. செய்தால் சொந்த நாட்டில் துரோகி. சாமுவேல் ஸீபரி என்பவர் ஸ்காட்லாந்துக்குப் போய், 1784-ல் அபர்டீன் நகரில் பட்டம் வாங்கிக்கொண்டு வந்தார். 1789-ல் பிலடெல்பியாவில் கூடித் தங்கள் சபைக்குப் புதுச் சட்டதிட்டம் எழுதிக்கொண்டார்கள்.

யுத்தமும் அரசியலும் எப்படியிருந்தாலும் டிசம்பர் வந்தால் அவர்கள் கோயில் பச்சையாகிவிடும். காட்டிலிருந்து பைன் கிளைகளும் ஊசியிலைக் கொடிகளும் வண்டி வண்டியாக வரும். பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்து கயிறு கயிறாகத் திரித்துத் தூண்களில் சுற்றுவார்கள். ஜன்னல்களில் வளைவு கட்டுவார்கள். வெளியே முழங்கால் ஆழம் பனி. உள்ளே பசுமையும் மெழுகுவர்த்தி வெளிச்சமும். நம் ஊரில் மாவிலைத் தோரணம் கட்டும் கைகளுக்கு இந்தச் சந்தோஷத்தை விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்துப் பியூரிட்டன் கோயிலிலோ வெறும் சுவர், வெறும் பலகை.

அந்த வெறும் பலகை வீட்டில் பிறந்த குழந்தைகள் என்ன நினைத்திருக்கும்? 'டாம் மாமாவின் குடிசை' எழுதின ஹாரியட் பீச்சர் ஸ்டோ அம்மையார் இதைச் சொல்லியிருக்கிறார். லிட்ச்பீல்டு என்ற சிற்றூரில் கிறிஸ்துமஸை ஒப்புக்கொள்ளாத சபையின் பாதிரியாருக்கு மகளாகப் பிறந்தவர் அவர். 1878-ல் வெளியான 'போகனக் மனிதர்கள்' என்ற நாவலில், பாதிரியாரின் சின்னப் பெண் ஒருத்தி இரவில் வீட்டுக்குத் தெரியாமல் நழுவி, எபிஸ்கோபல் கோயிலின் தீப அலங்காரத்தைப் பார்க்கப் போய்விடுகிறாள். அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் ஜெயித்ததற்குக் காரணம் சாஸ்திர வாதம் அல்ல, இந்த மாதிரிக் குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களானதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஐந்து ஷில்லிங் அபராதம் போட்ட அதே மாஸாச்சுஸெட்ஸ், 1856-ல் அந்த நாளுக்குச் சட்டப்படி விடுமுறை கொடுத்தது.

இங்கே கதையை முடித்தால் எல்லாம் சுபமாக இருக்கும். ஆனால் அந்தப் பச்சைத் தோரணத்துக்குக் கீழே யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று கேட்டுவிட்டால் சங்கடந்தான்.

கர்ப்பவதியான மரியாளும் யோசேப்பும் பெத்லகேமுக்கு வந்தபோது சத்திரத்தில் இடமில்லை. குழந்தை மாட்டுத் தொட்டியில் கிடந்தது. கிறிஸ்துமஸின் கதையே இதுதான். இந்தக் கதையை ஆண்டுதோறும் படித்த கோயில்களில், உட்காரும் இடம் வாடகைக்கு விடப்பட்டது! நான் மிகைப்படுத்தவில்லை. பெஞ்சுகளுக்குச் சின்னக் கதவு உண்டு. கதவுக்கு நம்பர் உண்டு. முன்வரிசை பெஞ்சுக்கு விலை அதிகம். சில ஊர்களில் ஏலம் போட்டார்கள். வீடு வாசல் போல அது சொத்து. தகப்பன் இறந்தால் மகனுக்கு வரும். பாதிரியார் சம்பளமும் கூரை மராமத்தும் இந்த வரும்படியில்தான் நடந்தன. எபிஸ்கோபல் சபை மட்டுமல்ல, மற்றச் சபைகளும் பலவும் இப்படித்தான். ஏழைக்குப் பின்னால் ஓர் ஓரத்தில் இலவச இடம். நீக்ரோக்கள் என்று அப்போது சொல்லப்பட்ட கறுப்பு மக்களுக்கு மேல்மாடம்.

மேல்மாடத்துக்குப் போக மறுத்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயர் அப்ஸலோம் ஜோன்ஸ். டெலவேரில் 1746-ல் அடிமையாகப் பிறந்தவர். எசமான் பிலடெல்பியாவுக்கு வந்து கடை வைத்தபோது இவரும் வந்தார். இரவு நேரத்தில் கூலி வேலை செய்து காசு சேர்த்தார். சேர்த்த காசில் முதலில் மனைவியை விலைக்கு வாங்கி விடுதலை செய்தார். பிள்ளைகள் தாயின் நிலைமையைத்தான் பெறுவார்கள் என்பது சட்டம். ஆகையால் அவள் விடுதலை முதலில். தம் விடுதலைக்கு 1784 வரையில் காத்திருந்தார்.

ஜோன்ஸும் அவர் சிநேகிதர் ரிச்சர்டு ஆலனும் செயின்ட் ஜார்ஜ் என்ற மெதடிஸ்ட் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கூட்டம் பெருகியது, மேல்மாடம் கட்டினார்கள், கறுப்பர்களும் அதற்குப் பணம் கொடுத்தார்கள். கட்டி முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, "உங்களுக்கு மேலேதான் இடம்" என்றார்கள். போய் முழங்காலிட்டு ஜபம் செய்துகொண்டிருக்கும்போதே தர்மகர்த்தா ஒருவர் வந்து, இங்கே முழங்காலிடக் கூடாது என்று ஜோன்ஸின் கையைப் பிடித்து இழுத்தார். "ஜபம் முடியட்டும் ஐயா" என்று ஜோன்ஸ் கேட்டுக்கொண்டும் பயனில்லை. ஜபம் முடிந்ததும் எல்லோரும் ஒன்றாக எழுந்து வெளியே போனார்கள். திரும்பி வரவேயில்லை. இது நடந்தது 1787-ல் என்று ஆலன் எழுதினார். மேல்மாடம் கட்டின கணக்கைப் பார்த்த சரித்திரக்காரர்கள் 1792 என்கிறார்கள். வருஷத்தில் தகராறு உண்டே தவிர, இழுத்த கையைப் பற்றித் தகராறு இல்லை.

மறு வருஷமே, 1793-ல், பிலடெல்பியாவில் மஞ்சள் ஜுரம் வந்து சுமார் ஐயாயிரம் பேர் மாண்டார்கள். பணக்காரர்கள் ஊரை விட்டு ஓடினார்கள். நோயாளிக்குத் தண்ணீர் கொடுத்ததும் பிணங்களைப் புதைத்ததும் ஜோன்ஸும் ஆலனும் திரட்டிய கறுப்பு மக்கள். அதன் பிறகு 1794 ஜூலை 17-ஆம் தேதி அவர்களுடைய சொந்தக் கோயில் பிரதிஷ்டையாயிற்று. செயின்ட் தாமஸ் ஆப்பிரிக்க எபிஸ்கோபல் ஆலயம் என்று பெயர். ஆலன் மெதடிஸ்டாகவே இருந்து தனி வழி கண்டார். ஜோன்ஸ் பிஷப் வொயிட்டின் கையால் குருப்பட்டம் பெற்று, எபிஸ்கோபல் சபையின் முதல் கறுப்புப் பாதிரியார் ஆனார். கிரேக்கும் லத்தீனும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்று அவருக்கு விலக்குக் கொடுத்த பெரியவர்கள், அதற்குப் பதிலாக ஒரு நிபந்தனை வைத்தார்கள். மாகாண மகாசபைக்கு அந்தக் கோயில் பிரதிநிதி அனுப்பக் கூடாது! சத்திரத்துக்குள் விட்டார்கள், கூடத்தில் உட்கார விடவில்லை. அந்த உரிமை கிடைத்தது 1860-களில், உள்நாட்டு யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில்தான்.

இதைப் படித்து நாம் மூக்கில் விரலை வைத்துப் பிரயோஜனமில்லை. நம் வடக்கன்குளத்தில் ரோமன் கத்தோலிக்கக் கோயிலைச் சாதிக்கு ஒரு பக்கமாக இரண்டு கூறாகவே கட்டியிருந்தார்கள். நடுவிலிருந்த தடுப்பு 1910-ல் இடிந்தது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அரிஜனங்கள் அடியெடுத்து வைத்தது 1939-ல்.

செயின்ட் தாமஸ் கோயிலில் நடந்த ஒரு விசேஷம், கிறிஸ்துமஸ் காலத்து ஆராதனைகளிலேயே மிகச் சிறந்தது என்று நான் சொல்வேன். எபிஸ்கோபல் சபையில் கிறிஸ்துமஸ் ஒரு நாளோடு முடிவதில்லை. ஜனவரி 6-ஆம் தேதி ஞானிகள் வந்த திருநாள் வரையில் பன்னிரண்டு நாள். அந்தப் பன்னிரண்டு நாளுக்குள் 1808 ஜனவரி 1-ஆம் தேதி வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்குக் கொண்டுவருவதைத் தடுக்கும் சட்டம் அன்றைக்கு அமலுக்கு வந்தது. ஜோன்ஸ் தம் மக்களைக் கூட்டி நன்றி ஆராதனை நடத்தினார். எகிப்தில் அடிமைப்பட்ட ஜனங்களின் கூக்குரலைக் கேட்டுக் கடவுள் இறங்கி வந்த பகுதியை எடுத்துக்கொண்டு பிரசங்கம் செய்தார். ஒவ்வொரு வருஷமும் இந்த நாளை நன்றி நாளாகக் கொண்டாட வேண்டும், நம் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் விலைக்கு விற்கப்பட்டவர்கள். நாட்டில் அடிமைத்தனம் ஒழிய இன்னும் ஐம்பத்தேழு வருஷம் பாக்கி இருந்தது.

பெஞ்சுக் கதவைக் கழற்றிப் போட வேண்டும் என்ற எண்ணம் வெள்ளைக்காரர்களுக்கு இடையிலும் எழாமலில்லை. வில்லியம் அகஸ்டஸ் மூலன்பர்க் என்பவர் ஒருவர். அவருடைய கொள்ளுப்பாட்டனார் ஜெர்மனியில் ஹாலே நகரத்துப் பக்திமான்களால் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டவர். நம் தரங்கம்பாடிக்கு ஒருவர் பின் ஒருவராகப் பாதிரிமார்களை அனுப்பிக் கொடுத்ததும் அதே ஹாலேதான். 1846-ல் நியூயார்க்கில் ஆறாவது அவென்யூவில் மூலன்பர்க்கின் கோயில் திறந்தது. வாடகை இல்லை, நம்பர் இல்லை. வந்தவர் வந்த இடத்தில் உட்காரலாம். நகரத்து எபிஸ்கோபல் கோயில்களில் அது புதுமை. ஏழைக் குழந்தைகளுக்காகக் கோயிலில் கிறிஸ்துமஸ் மரம் வைத்ததும் நியூயார்க்கில் இவர்தான் முதல் என்பார்கள். அதே வருஷம் அக்டோபரில் பரிசுத்த லூக்கா திருநாளன்று, இன்றையக் காணிக்கையில் பாதி ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி கட்ட என்று அறிவித்தார். விழுந்தது சுமார் முப்பது டாலர், பாதி பதினைந்து. பதினைந்து டாலரில் ஆஸ்பத்திரியா என்று சிரித்திருப்பார்கள். செயின்ட் லூக் ஆஸ்பத்திரி 1858-ல் திறந்தது. தம் கடைசிக் காலத்தில் மூலன்பர்க் அங்கேயே வசித்து, 1877-ல் அங்கேயே இறந்தார். அவருடைய கோயிலின் கதி வேறு மாதிரி ஆயிற்று. சபை மெலிந்து 1976-ல் வேறு சபைகளோடு சேர்ந்தது. கட்டடம் கைமாறி, 1983-ல் 'லைம்லைட்' என்ற இரவு நடன விடுதியாயிற்று. வாசலில் கயிறு கட்டி, ஆளைப் பார்த்துப் பொறுக்கி உள்ளே விட்டார்கள்!

மறுபடியும் பிலடெல்பியாவுக்குப் போவோம். ரிட்டன்ஹவுஸ் சதுக்கம் நகரத்துச் செல்வர்கள் வாழ்ந்த இடம். அங்கே ஹோலி டிரினிடி ஆலயத்துக்கு 1862-ல் பிலிப்ஸ் புரூக்ஸ் என்ற இளைஞர் பாதிரியாராக வந்தார். பியூரிட்டன் வம்சம், சிறு வயதிலேயே அவர் குடும்பம் எபிஸ்கோபல் சபைக்கு மாறியிருந்தது. ஆறடிக்கு மேல் உயரம், அதற்குத் தகுந்த சரீரம். பேச ஆரம்பித்தால் வார்த்தைகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வருமாம். அப்போது அந்த ஊர்க் குதிரை டிராம்களில் கறுப்பர்களை உட்கார விடுவதில்லை. யுத்தத்துக்குப் போன கறுப்புச் சிப்பாயின் மனைவி முகாமுக்கு நடந்துதான் போக வேண்டும். 1865 ஜனவரியில் இதைக் கண்டித்துக் கூடிய கூட்டத்தில் பேசியவர்களில் புரூக்ஸும் ஒருவர். அவருடைய பெஞ்சுக்காரர்களில் எத்தனை பேர் முகம் சுளித்தார்களோ! டிராம் கதவு திறந்தது 1867-ல், சட்டத்தின் பலத்தால். 1865 ஏப்ரலில் ஆபிரகாம் லிங்கனின் உடல் அந்த நகரில் வைக்கப்பட்டிருந்தபோது, புரூக்ஸ் செய்த பிரசங்கம் புகழ்பெற்றது. அடிமைத்தனந்தான் அவரைக் கொன்றது என்று பச்சையாகவே சொன்னார்.

களைத்துப் போனவருக்குச் சபையார் ஒரு வருஷ ஓய்வு கொடுத்தார்கள். அந்த யாத்திரையில், 1865 டிசம்பர் 24-ஆம் தேதி எருசலேமிலிருந்து குதிரையில் பெத்லகேமுக்குப் போனார். இடையர்கள் மந்தை காத்த வயல் என்று காட்டப்படும் இடத்தைப் பொழுது சாயும் வேளையில் பார்த்தார். இரவு நெடுநேரம் பழைய கோயிலில் ஆராதனை. அதைப் பற்றித் தம் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதினார்.

ஓய்வுநாள் பள்ளி என்பது ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளுக்குப் பைபிள் சொல்லித்தருவது. அங்கே பெஞ்சு வாடகை கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். ஹோலி டிரினிடியில் அந்தப் பள்ளியின் தலைவர் லூயிஸ் ரெட்னர். வாரத்தில் ஆறு நாள் வீடு, மனை விற்கும் தரகர். ஏழாவது நாள் கோயிலில் ஆர்கன் வாசிப்பவர். 1868 கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகள் பாடப் புதிதாக ஒரு பாட்டு வேண்டியிருந்தது. பெத்லகேமில் கண்ட அந்த இரவை நினைத்துப் புரூக்ஸ் பாட்டை எழுதி, மெட்டுப் போடும்படி ரெட்னரிடம் கொடுத்தார். 'சின்னஞ்சிறு பெத்லகேம் ஊரே' என்று தமிழில் அதன் பெயரைச் சொல்லலாம்.

ரெட்னருக்கு மெட்டு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாடியாக வேண்டும். சனிக்கிழமை இரவும் வந்துவிட்டது. ஆர்கன்காரர் படுத்துவிட்டார். நடுநிசியில் யாரோ காதோரம் பாடினாற்போல் விழித்துக்கொண்டு, கையில் கிடைத்த காகிதத்தில் மெட்டைக் குறித்துவைத்தார். காலையில் கோயிலுக்குப் புறப்படுமுன் சுருதி சேர்த்தார். 1868 டிசம்பர் 27-ஆம் தேதி ஆறு ஆசிரியர்களும் முப்பத்தாறு குழந்தைகளும் அதை முதல் முதலாகப் பாடினார்கள் என்று சொல்வதுண்டு. பாட்டு அந்தக் கிறிஸ்துமஸைத் தாண்டி உயிரோடு இருக்கும் என்று இருவருமே எண்ணவில்லை என்று ரெட்னர் பிற்காலத்தில் தெரிவித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பாட்டு வேண்டும், அவ்வளவுதான்.

மறு வருஷம் புரூக்ஸ் பாஸ்டனுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அங்கே நாடறிந்த பிரசங்கியானார். 1882-83 குளிர்காலத்தில் இந்தியாவுக்கும் வந்துபோனார். கண்ணும் காதும் அற்ற சிறுமி ஹெலன் கெல்லர் கடவுளைப் பற்றிய தன் சந்தேகங்களைக் கடிதத்தில் கேட்க, இவர் பொறுமையாகப் பதில் எழுதினார். அவளுடைய தம்பிக்கு பிலிப்ஸ் புரூக்ஸ் என்றே பெயர் வைத்தார்கள். 1891-ல் பிஷப்பாகி, 1893 ஜனவரியில் காலமானார்.

பாட்டு மட்டும் ஊர் ஊராக நடந்தது. ஒற்றைத் தாளில் அச்சாகி மற்றப் பள்ளிகளுக்குப் போயிற்று. ஹண்டிங்டன் என்ற பாதிரியார் 1874-ல் வெளியிட்ட பிள்ளைகள் பாட்டுப் புத்தகத்தில் அதைச் சேர்த்தார். 1892-ல் எபிஸ்கோபல் சபையின் அதிகாரபூர்வமான கீதப் புத்தகத்திலும் ஏறிவிட்டது. கடல் கடந்து இங்கிலாந்துக்குப் போனபோது, அவர்கள் ஒரு பழைய நாட்டுப்புறப் பாட்டின் மெட்டை அதற்குப் போட்டுக்கொண்டார்கள். அங்கே இன்றும் பெரும்பாலும் அந்த மெட்டுத்தான். அமெரிக்காவில் தரகர் மெட்டு.

பாட்டு மெட்டுகளுக்குப் பெயர் வைப்பது அங்கே வழக்கம். ரெட்னரின் மெட்டுக்கு ஹண்டிங்டன் வைத்த பெயர் 'செயின்ட் லூயிஸ்'. லூயிஸ் என்ற அவருடைய பெயரையே கொஞ்சம் எழுத்து மாற்றிப் பரிசுத்தவான் ஆக்கிவிட்டார். 1908 வரையில் உயிரோடிருந்த ரெட்னர் அதைப் பார்த்து என்ன சொன்னாரோ. புத்தகத்தைப் புரட்டுகிறவர்களில் பலர், மிசௌரியில் இருக்கும் செயின்ட் லூயிஸ் என்கிற ஊரில் பிறந்த மெட்டு என்றே எண்ணிக்கொள்கிறார்கள்.